வாயில்லா உயிரும் வாசல் தேடி வரும் வைத்தியமும்

வலி யாருடையதோ அவரே அதனை அறிவர், மற்றவர் ஊகிப்பர். பேசத் தெரிந்த மனிதனுடைய வலியையே நாம் பல வேளைகளில் நம்ப மறுக்கின்றோம். அப்படியிருக்க, பேசத் தெரியாத ஒரு பிராணி நம் வீட்டு வாசலிற் படுத்து முனகுமாயின், அதன் வலியை நம்ப வேண்டிய கடமை நமக்கு உண்டா? உண்டெனின், அக்கடமை எவ்வளவு தூரம் செல்லும்? இக்கேள்வியை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் தெருவில் வந்து நின்ற ஒரு மோட்டார் வண்டிதான் இதனை எழுப்பிற்று.

நான் வசிப்பது கிள்ளானை அடுத்த ஒரு தாமான். வரிசை வீடுகள், வாசலுக்கு ஓர் இரும்புக் கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு நாய் அல்லது ஒரு பூனை. ஒருநாள் மாலை, எதிர் வீட்டின் முன் ஒரு வண்டி நின்றது. அதிலிருந்து இறங்கிய சீனப் பெண்மணி ஒருவர், ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் எடை பார்க்கும் பலகையுமாக உள்ளே சென்றார். அவர் மிருக வைத்தியர். அவ்வீட்டில் தனித்து வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் கிழப் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் ஒருமுறை வந்து தோலுக்கடியில் நீர் மருந்து ஏற்றிச் செல்கிறார் என்று பின்னர் அறிந்தோம்.

தெருவில் நின்றிருந்தோரில் பெரியவர் ஒருவர் இருந்தார். நாற்பதாண்டுக் காலம் பால்மரம் வெட்டியவர். இன்று நீரிழிவு நோய்க்கு மருந்து வாங்க அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விடியுமுன்னே புறப்பட்டுச் சென்று, வரிசைச் சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு நடுப்பகல்வரை காத்திருப்பவர். அவர் சொன்னார்: "தம்பி, நம் உயிருக்கு வைத்தியரைத் தேடி நாம் போகிறோம். பூனையின் உயிருக்கு வைத்தியர் தேடி வருகிறார். இதுவும் ஒரு காலம்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அந்தச் சிரிப்பு எனக்கு ஒப்பவில்லை. பெரியவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் சிரித்ததில் ஓர் அநியாயமும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியவரின் நியாயம்

ஆட்சேபணையை அதன் முழு வலிமையோடு எடுத்து நிறுத்துவதே நேர்மை. நம் சமூகத்தில் பள்ளிச் செலவுக்கு வழியற்ற பிள்ளைகள் இருக்கின்றனர். அடுக்குமாடி வீட்டின் மேல்தளத்திலே, மின்தூக்கி பழுதுற்ற நாட்களில் கீழிறங்க இயலாது கிடக்கும் முதியோர் இருக்கின்றனர். இவர்களைத் தேடி ஒரு வைத்தியரும் வருவதில்லை. இந்நிலையில் ஒரு பூனைக்காக வைத்தியர் வீடு தேடி வருவதும், அதற்கெனத் தனிக்கூலி கொடுப்பதும் ஆடம்பரமன்றோ? மனிதனைக் கவனியாது மிருகத்தைக் கொஞ்சும் இரக்கம் ஓர் இரக்கமா?

நாய்க்கு மெத்தை போட்டு, வேலைக்காரிக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைக்கும் வீடுகள் இல்லாமல் இல்லை. அவ்வீட்டாரைக் கண்டிக்க நான் முதலில் வருவேன். ஆனால் அங்கே நடந்த குற்றம் எது என்று சற்று நிதானித்துப் பாருங்கள். நாய்க்கு மெத்தை கிடைத்ததா குற்றம்? அன்று. வேலைக்காரிக்குச் சேரவேண்டியது சேராததே குற்றம். அந்த நாயைப் பட்டினி போட்டால் அவளுடைய சம்பளம் வந்துவிடுமா? பூனைக்கு வைத்தியர் வராமல் நின்றுவிட்டால், நம் பெரியவர் நிற்கும் வரிசை ஓர் ஆளேனும் குறையுமா? ஏழைக்குச் சேராத பொருளெல்லாம் பூனையின் வயிற்றுக்குத்தான் போயிற்று என்று கணக்கிடுவது, உண்மையாக அதனைத் தின்றவர்களுக்கு மிகவும் வசதியான கணக்காகும்.

தானமும் கடனும்

இரக்கத்தை நாம் எப்பொழுதும் தானமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். தானத்துக்கு வரிசை உண்டு. மிகவும் தேவைப்பட்டவனுக்கு முதலில், அடுத்தவனுக்குப் பின்னர் என்று கொடுப்பது அறிவுடைமை. அவ்வகையில், மனிதனை விட்டுவிட்டு மிருகத்துக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்பதும் தகும்.

கடனுக்கோ அவ்வித வரிசை இல்லை. மளிகைக் கடையில் ஐம்பது வெள்ளி கடன் வைத்தவன், "அந்தப் பணத்தை உன்னிலும் ஏழையான ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன்" என்று கடைக்காரரிடம் சொல்லித் தப்ப முடியாது. தானம் செய்தது அவனுடைய பெருமை. கடன் நின்றது நின்றதுதான்.

வீட்டு மிருகத்துக்கு நாம் செய்யவேண்டியது தானமா, கடனா? அது தானாக நம் வீட்டுக்கு விருந்துக்கு வரவில்லை. நாம் கொணர்ந்தோம். தாயிடமிருந்து பிரித்தோம், கதவைப் பூட்டினோம், கழுத்திற் பட்டை கட்டினோம். தானே இரை தேடும் உரிமையையும், நோயுற்றால் விரும்பிய புல்லைத் தின்று விரும்பிய நிழலிற் படுக்கும் உரிமையையும் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எடுத்ததற்கு ஈடு கொடுப்பது எப்படித் தானமாகும்? அது கடனேயாகும். அப்பூனையை வளர்க்காத பெரியவருக்கு அதன்பால் கடன் ஒன்றும் இல்லை. வளர்த்த ஆசிரியைக்கு உண்டு. அவர் செய்தது ஆடம்பரம் அன்று, பாக்கி தீர்த்தல்.

சட்டமும் இதனையே வேறு சொற்களிற் கூறுகிறது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணியை உடையவனுக்குத் தக்க இருப்பிடம், உணவு, நோயினின்றும் வலியினின்றும் காப்பு ஆகியவற்றைக் கடமையாக விதிக்கிறது. கொடுமை புரிந்தவனுக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆயினும் சட்டம் கதவுக்கு வெளியே நிற்பது. கதவுக்கு உள்ளே, இரவு இரண்டு மணிக்கு ஒரு நாய் மூச்சு வாங்கும்போது, அங்கே இருப்பது வளர்த்தவனுடைய மனச்சாட்சி ஒன்றுதான்.

பயனுள்ள மிருகமும் பயனற்ற மிருகமும்

மிருக வைத்தியம் புதுமையன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் மிருகங்களுக்குமாக இருவகை வைத்திய ஏற்பாடுகள் செய்ததைப் பொறித்தான். அவ்வேற்பாடு சென்ற நாடுகளில் சோழ பாண்டிய நாடுகளையும் பெயர் சொல்லிக் குறித்தான். மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகை கொணர்ந்து நடுவித்ததாகவும் அக்கல்வெட்டு சொல்லும்.

எனினும் பிற்காலத்தில் மிருக வைத்தியம் வளர்ந்தது பெரும்பாலும் இரக்கத்தால் அன்று, இலாபத்தால். ஐரோப்பாவின் முதல் மிருக வைத்தியக் கல்லூரி 1761-ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரில் தோன்றிற்று. மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த கொள்ளைநோயை எதிர்ப்பதும், குதிரைகளைப் பேணுவதும் அதன் வேலை. அம்மாட்டுக் கொள்ளைநோய் உலகினின்று ஒழிந்துவிட்டதென 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் ஒழிந்த நோய் அது ஒன்றே. பெரிய வெற்றிதான். ஆனால் அங்கெல்லாம் மாட்டின் விலை வைத்தியத்தின் விலையை நியாயப்படுத்தியது.

நம் தோட்டத்து லயங்களிலும் அப்படியே. பசுவுக்கு நோய் என்றால் வீடே விழித்திருக்கும். பசு பால் தரும். நாய்க்கு நோய் என்றால் வேலியோரம் விட்டுவிடுவோம். ஆகையால், பால் தராத, வண்டி இழுக்காத, எலியுங்கூடப் பிடிக்காத ஒரு கிழப் பூனைக்காக வைத்தியர் வருவது, வைத்திய வரலாற்றில் அற்பச் செய்தியன்று. பயனைக் கருதாமல் வலியை மட்டும் கருதுவது அங்கேதான் தொடங்குகிறது. பயனிருந்தாற்றான் ஓர் உயிரின் வலிக்கு மதிப்பு என்று ஒப்புக்கொண்டால், நாளை வேலை செய்ய இயலாத மனிதனைப் பற்றி நாம் என்ன சொல்வோம்? அந்தப் பெரியவருடைய கைகள் இனி மரம் வெட்டமாட்டா, அது நினைவிருக்கட்டும்.

வீட்டு வைத்தியத்தின் அளவு

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் திருவள்ளுவர் வைத்தியத்தை நான்கு உறுப்பாகப் பகுத்தார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். மனிதருக்கு நோயாளியே தன் நோயைச் சொல்வான். மிருகத்துக்கோ அந்த முதல் உறுப்பு ஊமை. ஆகவே அதன் பாரமும் நான்காம் உறுப்பின் தோளில் ஏறுகிறது. அருகிருப்பவனே கையும் நாவுமாக வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் வைத்தியத்தின் மெய்யான பயன் இங்கேதான். பூனையைக் கூண்டிலடைத்து, வண்டியிலேற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் வைத்தால் அது அச்சத்தால் நடுங்கும். அவ்வச்சத்தினாலேயே அதன் நாடித் துடிப்பு ஏறும். இரத்தத்தில் சர்க்கரையுங்கூட ஏறிக் காட்டும். மூட்டு வாதத்தால் எழ முடியாத பெரிய நாயைத் தூக்கிச் செல்ல, தனித்திருக்கும் முதியவளால் ஆகாது. நாயை ஏற்றிக்கொள்ள வாடகை வண்டிக்காரர் பலர் தயங்குவர். வீட்டில் பார்க்கும்போதோ, அது எங்கே படுக்கிறது, எந்தப் படியை ஏறத் தயங்குகிறது, எந்தத் தட்டில் என்ன தின்கிறது என்பதெல்லாம் வைத்தியரின் கண்ணுக்குப் படும். தடுப்பூசி, இரத்தம் எடுத்தல், புண்ணுக்கு மருந்திடல், நீர் ஏற்றுதல் ஆகியவற்றைக் கூடத்திலேயே முடிக்கலாம்.

ஆயினும் அளவை மறத்தலாகாது. எலும்பு முறிவைக் காட்டும் கதிர்ப்படமும், மயக்க மருந்தும், அறுவை மேசையும் வீட்டுக் கூடத்தில் இல்லை. மூச்சுத் திணறும் பிராணியையும், வண்டியில் அடிபட்ட பிராணியையும், சிறுநீர் அடைபட்ட ஆண் பூனையையும் வீட்டில் வைத்துக்கொண்டு வைத்தியரை எதிர்நோக்குவது அன்பாகாது. அங்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே அன்பு. இந்த ஏற்பாடு அதன் சௌகரியத்துக்கா, என் சௌகரியத்துக்கா என்று ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறியாமையும் ஓர் அடி

நம்மவரிடையே இன்னொரு வகை வீட்டு வைத்தியம் உண்டு. நாய் சோர்ந்து படுத்தால் கண்ணேறு பட்டதென்று மந்திரிப்பதும், கழுத்தில் தாயத்துக் கட்டுவதும் இன்னும் ஒழிந்தபாடில்லை. சொறிபிடித்த நாயின் மேல் வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெயைப் பூசுவோரை நான் கண்டிருக்கிறேன். நாய் அதனை நக்கும். நஞ்சு உள்ளே இறங்கும். மனிதரின் காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நாயின் உண்ணிக்கென விற்கும் மருந்துகளிற் சில பூனைக்கு நஞ்சு. வெங்காயம் நாய்க்கு ஆகாது. கொசுக் கடியால் நாயின் இருதயத்திலே புழு வளரும் என்பதும், உண்ணி கடித்தால் இரத்தத்தைக் கெடுக்கும் காய்ச்சல் வரும் என்பதும் நம் தட்பவெப்ப நாட்டில் யாவரும் அறிந்திருக்க வேண்டுவன.

நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது இங்கே முழு விடையாகாது. வாயுள்ளவனுக்கு நாம் தவறான மருந்து கொடுத்தால், "எரிகிறது, நிறுத்து" என்பான். வாயில்லாததற்கு மருந்து கொடுப்பவன் இருமடங்கு அறிந்திருக்கக் கடமைப்பட்டவன்.

இதில் அண்டை வீட்டாருக்கும் பங்குண்டு. சரவாக்கில் 2017-ஆம் ஆண்டு வெறிநாய் நோய் தலைகாட்டி மனித உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒரு நாய்க்குத் தடுப்பூசி போடுவது அத்தெருக் குழந்தைகளுக்கெல்லாம் போட்ட காவல். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பல்லாண்டுக் காலம் பூனை வளர்ப்பது தடுக்கப்பட்டிருந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்துதான் உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்க இடந்தரப்பட்டது. மறைத்து வளர்ப்பவன் நோயையும் மறைக்கத் துணிவான். அன்பு வெளிச்சத்துக்கு வந்தாற்றான் வைத்தியமும் வாசலுக்கு வரும்.

என் பாக்கி

பிறருக்குக் கடனைப் பற்றிப் போதிப்பவன் தன் பாக்கியை மறைக்கலாகாது. எனக்கு இரண்டு பாக்கிகள் உண்டு.

முதலாவது, நான் சிறுவனாயிருந்த காலத்தது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிபட்டபோது, எங்களுக்கு நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அங்கே நாய்க்கு இடமில்லை. எங்கள் கறுப்பனை லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு லாரியில் ஏறினோம். அது லாரியின் பின்னே கித்தாக் காட்டு வளைவு வரை ஓடிவந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. இடம்பெயர்க்கப்பட்டவர் நாங்கள், எங்களை நம்பியிருந்ததை நாங்கள் இடம்பெயர்த்தோம். எங்கள் குறையைக் கேட்க அன்று யாரும் இல்லை. அதன் குறையைக் கேட்க நாங்கள் இருந்தோம், கேட்கவில்லை.

இரண்டாவது பாக்கி அண்மையது. பதினான்கு ஆண்டு எங்களோடிருந்த நாய்க்கு வயிற்றில் கட்டி வளர்ந்தது. அறுத்தாலும் பயனில்லை என்று வைத்தியர் நேராகவே சொன்னார். வலியைத் தணிக்க மருந்து தந்து, அது போதாமற்போகும் நாள் வரும், அன்று சொல்லியனுப்புங்கள், வீட்டுக்கு வந்து நோவின்றி முடித்துவைக்கிறேன் என்றார். அந்த நாள் வந்தது. உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரவெல்லாம் படுத்த இடத்தை மாற்றிக்கொண்டேயிருந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மூன்று வாரம் நான் சொல்லியனுப்பவில்லை. உயிரைப் போக்க நாம் யார் என்று என் மனைவியிடம் தத்துவம் பேசினேன்.

கொல்லாமையை அறங்களிலெல்லாம் முதன்மையாக வைத்த மரபு நம்முடையது. அதனை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நான் காத்தது நாயின் உயிரையா, என் மனத்தின் நிம்மதியையா? கொல்லாமை என்பது பிற உயிரின் துன்பத்துக்கு அஞ்சுவது. என் அச்சமோ என்னுடைய துன்பத்தைப் பற்றியது. கொல்லாமை என்ற பெரிய சொல்லுக்குப் பின்னே என் கோழைத்தனம் ஒளிந்திருந்தது. மனிதனாயின் தன் முடிவைப் பற்றித் தானே ஒரு சொல் சொல்வான். அவனுக்காகப் பிறர் தீர்மானிப்பதில் பெரிய அபாயங்கள் உண்டு. ஆகையால் இங்கே சொல்வதை மனிதருக்கு நீட்டிவிடலாகாது. மிருகத்துக்கோ நாளை நலம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. பொறுத்திருப்பதில் ஒரு பொருளும் இல்லை. அதற்கு இருப்பது இந்த வேளையின் வலி மட்டுமே. மீட்சியில்லாத இடத்தில் அந்த வலியை நீட்டிவைப்பது நம் விருப்பத்துக்காக அதனை வருத்துவதேயாகும். வலியை நீக்குவதே நாம் பட்ட கடன். நாட்களை எண்ணிக் கூட்டுவது அன்று.

முடிவில் சொல்லியனுப்பினேன். வைத்தியர் வந்து, முதலில் உறக்க மருந்து கொடுத்தார். அது தன் பழைய சாக்கின் மேல், என் மனைவியின் மடியில் தலைவைத்துத் தூங்கிற்று. பிறகு இரத்தக் குழாயில் இரண்டாவது மருந்து. சில நிமிடங்களில் நெஞ்சு நின்றது. அச்சமில்லை, அந்நிய மேசையில்லை, இரும்புக் கூண்டில்லை. வைத்தியர் வாசல் தேடி வருவதன் முழுப் பொருளும் அன்றே எனக்கு விளங்கியது. மூன்று வாரம் முன்னதாக விளங்கியிருக்க வேண்டும்.

செய்யத்தக்கன

அன்பர்களே, வளர்க்கும் ஆற்றலில்லாதவர் வளர்க்க வேண்டாம், அதில் இழிவில்லை. குட்டி அழகாயிருக்கிறதென்று குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கி, நோய் வந்ததும் சந்தையோரம் விடுவதே இழிவு. வளர்ப்போர் மாதம் ஒரு சிறு தொகையை அதற்கென ஒதுக்கி வையுங்கள். ஒரு தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் வைத்தியரை அழைத்தால், ஒருவர் தாங்க வேண்டிய போக்குவரவுக் கூலியை ஐவர் தாங்கலாம். வருபவர் முறைப்படி பதிவுபெற்ற வைத்தியர்தாமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஊசி பிடித்தவனெல்லாம் வைத்தியன் அல்லன்.

அத்தெருவிலேயே எழ முடியாத ஒரு முதியவர் இருப்பின், பூனைக்கு வழி செய்த அதே ஐந்து வீட்டார் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் போட்டியன்று. ஓர் உயிரின் முனகலைக் கேட்கப் பழகிய செவி, மற்றதனையும் கேட்கும்.

நம் முன்னோர் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, அக்காய்ச்சல் மெய்யா பாசாங்கா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறொருவன் கையில் இருந்தது என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனிதரை மிருகத்தோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஒருவருடைய வலி வலிதானா என்பதைப் பிறர் தீர்மானிக்கும் நிலை எத்தகையது என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? இன்று, நம் கதவுக்கு உள்ளே, அந்த அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அதை எப்படிச் செலுத்துகிறோம் என்பதைப் பார்த்துச் சொல்ல வேறு சாட்சி இல்லை. சாட்சியாயிருக்கும் ஒன்றுக்கோ வாய் இல்லை.